ஆளில்லாமல் வந்த வாகனம்

"அண்ணை, இது ஆட்டிறைச்சிதானே?"

பாரிஸின் லா சப்பலில் லோறன்ஸின் சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்தவர் குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தார். சமையல்காரர் பொன்னம்பலம் குசினி வாசலில் நின்று, "வேறென்ன?" என்றார்.

"எலும்பைக் காணேல்லை."

"உங்களுக்கெண்டு பாத்துப் பாத்து எடுத்துப்போட்டன்."

கோப்பையில் கிடந்தது பிஞ்சுப் பலாக்காய்.

எல்லாம் அந்த மலையால் வந்தது. போன கிழமை மகள் சுபாங்கி, காட்டாடு காட்டுகிறேன் என்று அவரை ஆல்ப்ஸ் மலையில் ஏற்றினாள்.

"அப்பா, மூஃப்லோன் எண்டு சொல்லுறது. வளைஞ்ச கொம்பு. இருமினா ஓடிடும்."

பாதி வழியில் மூச்சு வாங்க, அவர் ஒரு பாறையில் குந்தினார். மகள் முன்னே போய்விட்டாள். பனிப்புகார் பாலாய் இறங்கியது. எங்கோ ஒரு மணி ஒலித்தது. புகார் விலகிய இடத்தில் சுருண்ட இரண்டு கொம்புகள், நடுவே பொன்னிறக் கண்கள். ஊர்த் திருவிழாவில் முருகன் ஏறிவரும் அதே கிடாய் வாகனம்! முதுகில்தான் ஆளில்லை.

"முருகா, நீ எங்கை இறங்கினாய்?"

கிடாய் அவருடைய உள்ளங்கையை நக்கியது. புகார் மூடியது. மணி மட்டும் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி ஆட்டிறைச்சியைத் தொடுவதில்லை என்று அங்கேயே நேர்ந்துகொண்டார். ஆனால் கடையே அவருடைய ஆட்டுக்கறியில்தான் ஓடியது. சொன்னால் வேலை போகும். அதனால்தான் பலாக்காய். வந்த இறைச்சியெல்லாம் பிரிட்ஜுக்குள் போனது.

எலும்பு கேட்கிறார்களே என்று மறுநாள் முருங்கைக்காயும் போட்டார். அது இன்னும் வினையாயிற்று. புதுக் கறியைத் தேடி புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

"அண்ணை, சனிக்கிழமை கலியாண ஓடர்!" என்று லோறன்ஸ் துள்ளிக்கொண்டு வந்தார். "உங்கடை கறிதான் வேணுமாம். இறைச்சிக்கார டேமியனிட்டை இன்னும் இறைச்சி சொல்லிப்போட்டன். பிரிட்ஜிலை இடமிருக்கோ?"

"திறவாதையும்!"

திறந்தாயிற்று. ஒரு ஆட்டுத்தொடை லோறன்ஸின் காலில் விழுந்தது.

பொன்னம்பலம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அப்ப இவ்வளவு நாளும் பலாக்காயையே ஆடெண்டு வித்தனான்?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். வாகனம் வந்ததெண்டா சிரிப்பீர்."

லோறன்ஸ் சிரிக்கவில்லை. வெங்காய மூட்டையில் மெல்ல அமர்ந்தார்.

"மணி கேட்டதோ, அண்ணை?"

"கேட்டது. இப்பவும் காதுக்குள்ளை கேக்குது."

குக்கர் ஆவி புகாராய்ப் படர்ந்தது.

"சரி, நீங்கள் மரக்கறியைப் பாருங்கோ. இறைச்சிக்கு வேறை ஆளைப் போடுவம். காட்சி கண்டவரை நான் வேலையாலை கலைக்கமாட்டன்."

பொன்னம்பலத்தின் கண்கள் நிறைந்தன.

பின்கதவில் இறைச்சிப் பெட்டியோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற டேமியன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, இடக் கொம்பிலை ஒரு வெடிப்பு இருந்ததோ?"

"ஓம் தம்பி! உமக்கும் காட்சி தந்தவரோ?"

"காட்சியோ! அது ஆல்ப்ஸ் அடிவாரத்திலை இருக்கிற எங்கடை பண்ணைக் கிடாய். உங்கடை கடைக்கெண்டு குறிச்சு வைச்சது, வேலி பாஞ்சு ஓடிட்டுது. எந்த மலையெண்டு மட்டும் சொல்லுங்கோ, சனிக்கிழமைக் கலியாணத்துக்குக் கொண்டந்து தாறன்."