ஐம்பத்து மூன்று கோட்டுப் பெயர்

சாங்ஷா,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய அண்ணன் வெய் ஷோசாங் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி ஷோபிங் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய புகைபோட்ட பன்றிக்கறி வந்து சேர்ந்தது, தீர்ந்தும் போனது. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் யான்ஷியின் பெயரை மாற்றப் போகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் அதை வைத்தவர் நீங்கள். கேட்காமல் மாற்றினால் புத்தாண்டு விருந்தில் மேசையைக் கவிழ்ப்பீர்கள். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் சம்மதக் கடிதம் வேண்டும்.

குருவியும் விடியல் வெளிச்சமும் என்று நீங்கள் அர்த்தம் சொன்னபோது எல்லாரும் கைதட்டினோம். எழுதப்போகிறவளை யாரும் நினைக்கவில்லை. வம்சப் பெயரான வெய் என்ற எழுத்துக்கே பதினேழு கோடு இழுக்க வேண்டும், யானுக்குப் பதினாறு, ஷிக்கு இருபது. அவள் வகுப்பில் டிங் யீ என்று ஒரு பையன் இருக்கிறான். மொத்தமே மூன்று கோடு. பரீட்சையில் அவன் இரண்டு கணக்கு போட்ட பிறகும் இவள் தன் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் வந்த டான் டீச்சர் வாசலருகே ஒரு தொடுதிரைப் பலகை மாட்டியிருக்கிறார். காலையில் பிள்ளைகள் அதில் பெயர் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்ற வரிசை தப்பினால் பலகை சிவந்து, எழுதியதெல்லாம் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பம். யான்ஷிக்கு நாற்பதாவது கோடு தாண்டித்தான் தப்பும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காலைப் பலகாரமான பாவைத் தின்று முடித்து, "சரக்கு ரயில் எப்ப போகும்?" என்று கத்துகிறார்கள். தினமும் அழுதுகொண்டு வருகிறாள் அண்ணா.

நியாயம் கேட்கப் போனேன். "எழுதி முடிச்சப்புறம் எந்தக் கோடு முதல்ல போட்டதுன்னு யாருக்கு டீச்சர் தெரியும்?" என்றேன். "கைக்குத் தெரியும். நீங்க எழுதிக் காட்டுங்க" என்றார். எழுதினேன். நாற்பது வருடமாகப் போடும் நம் வம்சப் பெயர், மூன்றாவது கோட்டிலேயே பலகை சிவந்துவிட்டது. நாற்பத்து மூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். யான்ஷி மட்டும் தரையைப் பார்த்தாள். டான் டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்து, "நூறு தடவை எழுதிட்டு வாங்க" என்றார். நான் திட்டிக்கொண்டே வாங்கினேன். வாங்காமல் வரத் தைரியம் இல்லை.

அன்றே முடிவு செய்து, குடும்பப் பதிவு பார்க்கும் காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயர்மாற்றப் படிவம் வாங்கினேன். குடும்பப் பதிவேட்டை அங்கிருந்த அம்மாள் நகலெடுக்கக் கொண்டுபோனார். படிவத்தில் மகளின் தற்போதைய பெயர், கையால். வெய் வந்தது. யான் வந்தது. ஷி வரவில்லை. போனில் இரண்டு ஆங்கில எழுத்து தட்டினால் தானாக வந்து நிற்கும் பெயர் அது. அதைப் பார்த்து எழுத மானம் இடம் கொடுக்கவில்லை, மனைவி ஹுய்லானைக் கூப்பிட்டேன். "இடது பக்கம் சூரியன். வலது பக்கம் மேல ஆடு மாதிரி இருக்கும், கீழ என்னவோ போகும்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு போனை வைத்துவிட்டாள். திரும்பி வந்த அம்மாள் என் பேனாவைப் பார்த்தார்.

"பிள்ளை உங்களுதுதானே?"

"என்னுதுதாங்க."

"வெள்ளிக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்காவது எழுத வருமா?"

வேறு படிவம் கொடுத்தார். அது மேசைமேல் வெறுமையாகக் கிடக்கிறது. பேச்சுக்குப் பேச்சு நம் எழுத்து, நம் பண்பாடு என்கிறோம். சொந்தப் பிள்ளையின் பெயரை எழுதப் போன் வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் உங்களை நான் குறை சொல்லவில்லை, சம்மதத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். இருவர் ஆசியும் எங்கள் வீட்டுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி
வெய் ஷோபிங்

பி.கு.: உறை ஒட்டும் முன் யான்ஷி இதைப் படித்துவிட்டாள். "மாத்தாதீங்கப்பா. வியாழக்கிழமை கடைசி வரைக்கும் சிவக்காம வந்துச்சு. இப்பப் போய் மூணு கோட்டுப் பேரு வச்சா, நான் அழுததெல்லாம் எதுக்கு?" என்றாள். படிவத்தை வீணாக்க வேண்டாம் என்று அவளே அழகாக நிரப்பியும் விட்டாள். தற்போதைய பெயர்: வெய் ஷோபிங். புதிய பெயர்: வெய் யீ. அந்த யீ ஒரே ஒரு கோடு. காரணம்: இவருக்கு வரிசை வரவில்லை. வம்சப் பெயரில் மட்டும் சலுகை கிடையாதாம், அந்தப் பதினேழு கோட்டையும் நான் பழகியே ஆக வேண்டுமாம். நூறு தடவை எழுதிய நோட்டை வெள்ளிக்கிழமை அவளிடம் காட்ட வேண்டும். ஆகவே சம்மதக் கடிதத்தில் அவள் பெயர் வேண்டாம், என் பெயரை எழுதி அனுப்பவும்.