கடலுக்கு அடியில் ஒரு குன்று

மேட்டுக்கு மட்டும் குடிபோவதில்லை என்று நான் தீர்மானித்தது ஐப்பசியில், ஆரியசாலை வீட்டு அடுப்படியில், முழங்காலளவு மழைத் தண்ணீரில் நின்றுகொண்டு. என் மனைவி ஆவுடைத்தாய் எதிர்த் தீர்மானம் போட்டதும் அங்கேதான். மிதந்து போன அகப்பையைத் துரத்திக்கொண்டே போட்டாள்.

அவள் பார்த்து வைத்திருந்தது ராஜபாய் டீச்சரின் வாடகை வீடு. குன்றின் உச்சி. எண்பத்து நாலு படி. இங்கேயோ என் சீட்டுக் கச்சேரி பத்தடி தூரத்தில். உயிருள்ளவரை எதிர்ப்பதென்று முடிவு செய்தேன்.

ஆயுதம் ஆபீசிலேயே கிடைத்தது. நான் வரைபட அலுவலகத்தில் கோடு போடுகிறவன். செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் புதுக் கருவி ஒன்று வந்து, மூன்று நாள் அதே குன்றில் உட்கார்ந்திருந்தது. அது சொன்ன உயரம், மைனஸ் நாற்பத்தைந்து மீட்டர்.

தப்பில்லை. செயற்கைக்கோள் கணக்குக்குப் பூமி ஒரு வழவழப்பான ஆரஞ்சு. நிஜப் பூமி, உருளைக்கிழங்கு. நம் தென்கோடியில் கடலே அந்த வழவழப்புக்குக் கிட்டத்தட்ட நூறு மீட்டர் கீழே கிடக்கிறது. கருவி அளப்பது ஆரஞ்சுத் தோலிலிருந்து, கடலிலிருந்து அல்ல. இந்த விளக்கத்தை மட்டும் மேஜை டிராயரில் பூட்டிவிட்டு, உயரம் எழுதிய தாளோடு வீட்டுக்கு வந்தேன்.

"ஆவுடை, நீ பாத்த வீடு கடலுக்கு நாப்பத்தஞ்சு மீட்டர் அடியில இருக்கு. கவர்மெண்டு கணக்கு."

குழம்பைக் கிண்டிய கை நின்றது. "குன்னுக்கு மேலயா?"

"கண்ணுக்குத்தான் குன்னு. ஆகாசத்துல இருந்து பாத்தா குழி."

தாளை வாங்கித் தலைகீழாகப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ராத்திரிச் சீட்டுக்கு மனசு கிளம்பிவிட்டது.

"அதே கணக்குல இந்த வீடு எவ்வளவு?"

பத்து வருஷம் கணக்குப் போட்டுப் பழகிய நாக்கு. நான் கடிப்பதற்குள் சொல்லிவிட்டது. "மைனஸ் எம்பத்தஞ்சு."

"அப்போ இங்க இன்னும் நாப்பது மீட்டர் ஆழம். அல்லே?"

அடுப்பை அணைத்தாள். வாசலுக்குப் போய், கைவண்டி இழுக்கும் தாசையனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கே வண்டியக் கொண்டாங்க. எங்க வீட்டுக்காரவுளே அளந்து பாத்துச் சொல்லிட்டாவ."

வண்டி அடிவாரத்தோடு நின்றுவிட்டது. ஆட்டுக்கல்லை நான்தான் சுமந்தேன்.

இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் எண்பத்து நாலு படி ஏறி, மூச்சு வாங்க, கடலுக்கு அடியில் போய்ச் சேருகிறேன்.