முதுகும் அட்டையும்

கன்டென்ட் மார்க்கெட்டிங் வல்லுநரும், படைப்பாளிகளின் வழிகாட்டியும், என் மனைவியின் ஒரே தம்பியுமான மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். இதற்கு மேல் நலம் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஊருக்கு யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆவதில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் 'சூப்பர் அத்தான், இதையே ஒரு எபிசோடாப் போட்டுடலாம்' என்பீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே தபால்தலை ஒட்டலாம்.

நான் யார் என்பது உங்களுக்கே மறந்திருக்கக்கூடும் என்பதால் நினைவூட்டுகிறேன். நான் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவன். நம் பதிப்பாளர் கொண்டுவரும் நாவல் என்றால் அட்டை என் கைதான் என்று இருந்தது. அவர் கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டரிடம் நாலு வார்த்தை சொல்லிப் படம் வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார். கடைசியாக வந்த அட்டையில் கதாநாயகி கண்ணாடி முன் நிற்கிறாள், கண்ணாடிக்குள் வேறு ஒருத்தி நிற்கிறாள். பேய்க்கதை என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்து போனார்கள். இப்போது அவர் புதிதாக ஒரு நாவல் வரிசை தொடங்கப் போகிறார். அந்த வரிசையின் அட்டைகள் என்னிடம் வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். வராவிட்டால் தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். இதைத்தான் அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். நேரில் போய் அவரிடம் கேட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தீர்கள்.

கேட்டுப் போகிறவனுக்கு மதிப்பில்லையாம். படைப்பாளி தன் வேலையை விற்கக் கூடாதாம். தன் கதையை இலவசமாகக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அவர்களே தேடி வருவார்களாம். இலவசமாகக் கொடுத்தால் தேடி வருவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க நீங்கள் ஒரு பட்டமே வாங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். அதற்குப் பாட்காஸ்ட்தான் வழி என்றீர்கள். கண்ணால் பார்க்கிற சரக்கைக் காதால் எப்படி விற்பது என்று கேட்டேன். 'அங்கதான் அத்தான் விஷயமே இருக்கு' என்றீர்கள். எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

மைக்கை நீங்களே வாங்கி அனுப்பினீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. வீட்டில் எதிரொலி அடிக்கிறது, துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுங்கள் என்றீர்கள். அது உங்கள் கெட்டிக்காரத்தனம். தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே, முழங்கால் மோவாயில் இடிக்க, கதவைச் சாத்திக்கொண்டு நான் உலகத்தோடு பேசத் தொடங்கினேன். முதல் நாள் 'இதோ, இந்தச் சிவப்பைப் பாருங்கள்' என்று ஆரம்பித்த நேரத்தில், உங்கள் அக்கா துவைத்த துண்டுகளை வைக்கக் கதவைத் திறந்தாள். 'யாரைப் பாக்கச் சொல்றீங்க? உள்ள உங்களுக்கே ஒண்ணும் தெரியல' என்று சொல்லி, துண்டுகளை என் மடியில் அடுக்கிவிட்டுப் போனாள். அதை வெட்டிவிடச் சொல்லி உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் என் பேச்சை வெட்டிவிட்டு அதை வைத்துக்கொண்டீர்கள். மேல்மாடிக்காரர் சுவரில் துளை போடுகிற சத்தத்தைக்கூட, இயல்பாக இருக்கிறது என்று விட்டுவைத்தீர்கள். மொத்தத்தில் அந்த நிகழ்ச்சியில் இயல்பாக இல்லாதவன் நான் ஒருவன்தான்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 'ஓர் அட்டைப்பட ஓவியரின் அனுபவங்கள்' என்று நான் வைத்தேன். போன் திரையில் அடங்காது, ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்று நீங்கள் தலையையும் வாலையும் நறுக்கி 'அட்டை' என்று வைத்தீர்கள். பக்கத்தில் ஒரு சின்னம் வேண்டும் என்றீர்கள். நானும் ஆசையாகத் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து, நடுவில் தடித்து இரு முனையும் மெலிந்து வளைகிற மாதிரி ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். என் கண்ணுக்கு அது தூரிகைத் தீற்றல். கறுப்பாக, வழுவழுப்பாக, நெளிந்துகொண்டு, தலைக்கு மேல் 'அட்டை' என்ற எழுத்தோடு இருக்கிற அந்த உருவம் மற்றவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. ஈரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கிற ஜந்துவுக்கும் தமிழில் இதே பெயர்தான் என்பதும், வலிக்கிற இடத்தில் அதைக் கடிக்கவிட்டுச் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு என்பதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் இருவருக்கும் படிப்பு அதிகம்.

அந்த நேரம் பார்த்து நான் 'முதுகும் அட்டையும்' என்று ஒரு எபிசோட் பேசித் தொலைத்தேன். புத்தகத்தில் தாள்கள் சேர்கிற பக்கத்தை எங்கள் தொழிலில் முதுகு என்போம். எனக்குத் தெரியும், அச்சகத்தில் பைண்டிங் செய்கிறவருக்குத் தெரியும். கேட்டவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் பேசியதை அப்படியே கீழே எழுதுகிறேன். உங்களை ஓர் இடுப்புவலிக்காரராக நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். 'அவசரப்பட்டு அட்டையை ஒட்டக் கூடாது. முதலில் முதுகை லேசாகச் சுரண்டிவிட வேண்டும். சொரசொரப்பாக இருந்தால்தான் அட்டை நன்றாகப் பிடிக்கும். மெலிந்த முதுகில் ஒட்டினால் கொஞ்ச நாளில் கழன்றுவிடும். ஒட்டிய பிறகு மேலே கனமாக எதையாவது வைத்து அழுத்தி, அசைக்காமல் விட்டுவிட வேண்டும்.'

அதிலிருந்து கேட்பவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஜனங்கள் அட்டையோடு சேர்த்து என்னென்ன தேடுகிறார்கள் என்று பார்த்து, நிகழ்ச்சிக் குறிப்பில் முதுகு, வலி, நிவாரணம் என்று நீங்கள் வேறு தூவிவிட்டீர்கள். வலி எதற்கு என்று கேட்டதற்கு, படைப்பாளியின் வலி என்று வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். கேள்விகள் வந்து குவிந்தன. ஒருமுறை ஒட்டினால் எவ்வளவு காலம் தாங்கும் என்றார் ஒருவர். நல்ல பசையாக இருந்தால் ஆயுசுக்கும் விடாது என்று பதில் போட்டேன். பழைய அட்டையைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டலாமா என்றார் இன்னொருவர். தாராளமாக ஒட்டலாம், பிய்க்கும்போது முதுகு கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓர் அம்மா தன் கணவருக்கு எந்த அளவு அட்டை சரிவரும் என்று கேட்டிருந்தார். கணவர் ஏதோ எழுதி வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, புத்தகம் பெரிதாக வேண்டுமென்றால் டெமி அளவு, கைக்கு அடக்கமாக வேண்டுமென்றால் கிரவுன் அளவு என்றேன். என் தொழில்மேல் ஜனங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று அலமாரிக்குள் உட்கார்ந்து கண்கலங்கினேன், மாப்பிள்ளை. நிஜமாகவே கலங்கினேன். அந்தக் கண்ணீரை உங்களால் திருப்பித் தர முடியுமா?

பிறகு விருந்தினர் வேண்டும் என்றீர்கள். ஒரே குரல் கேட்டால் அலுத்துவிடுமாம். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் அக்கா சொல்வதும் இதுதான், அவள் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டதில்லை. 'நானும் அட்டைத் துறைதான் சார்' என்று எழுதிய ஒருவரை நீங்களே பிடித்து அனுப்பினீர்கள். வந்தார். நல்ல மனிதர், மென்மையான பேச்சு. கையில் கொண்டுவந்த கண்ணாடிச் சாடியை என் மேஜையில், நான் தூரிகை கழுவுகிற சாடிகளுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே கட்டியிருந்த துணியைக் காற்றுக்காகத் தளர்த்திவிட்டார். தண்ணீரைக்கூடத் தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாரே, என்ன ஒழுங்கு என்று மெச்சிக்கொண்டேன். எவ்வளவு காலமாக அட்டைத் தொழில் என்று கேட்டேன். அப்பா காலத்திலிருந்து, ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்குப் பார்ப்பேன் என்றார். எனக்குப் பொறாமை. ஒரு அட்டை முடிக்க நான் வாரக்கணக்கில் மாரடிக்கிறேன். அவ்வளவு வேகம் எப்படி என்றேன். பசியாக இருந்தால் வேலை தானாக நடக்கும் என்றார். உண்மைதானே என்று தலையை ஆட்டிக்கொண்டே, கையிலிருந்த சிவப்புத் தூரிகையைப் பழக்கதோஷத்தில் அவருடைய சாடிக்குள் விட்டுக் கலக்கினேன். அவர் பதறவில்லை. என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார்.

'சார், அதுங்களுக்குச் சாயம் ஒத்துக்காது.'

அப்போதுதான் சாடிக்குள் பார்த்தேன். அதற்குள் நிஜ அட்டை ஒன்று தூரிகையோடு ஏறி வந்துகொண்டிருந்தது. தூரிகையை உதறினேன். சாடி கவிழ்ந்தது. உங்கள் அக்கா நாற்காலிமேல் ஏறினாள். நான் அலமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அட்டை வைத்தியரான அவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக ஒவ்வொன்றையும் பொறுமையாகத் தேடி எடுத்தார். போகும்போது என் முதுகைத் தொட்டுப் பார்த்து, எனக்கே ஒரு முறை தேவைப்படும் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உடனே உனக்குப் போன் செய்தேன். (கோபத்தில் 'நீ' வந்துவிட்டது. அடித்துத் திருத்தலாம். திருத்தப் போவதில்லை.) நான் வரைகிறவன், கடிக்க விடுகிறவன் இல்லை என்று நாளைக்கே பேசி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ என்ன சொன்னாய்? 'கூட்டம் தப்பான கடைக்கு வந்தாலும் கூட்டம்தான் அத்தான். கடையை மூடாதீங்க, சரக்கை மாத்துங்க' என்றாய். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். நீயோ, குரங்குக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது, பிள்ளையாரைக் கலைத்துவிடுங்கள் என்கிறாய்.

இந்தக் கூத்துக்கு நடுவே நேற்றுப் பதிப்பாளர் போன் செய்தார். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உன்னைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர்களே தேடி வருவார்கள் என்றாயே, வந்துவிட்டாரே. பாட்காஸ்டைக் கேட்டதாகச் சொன்னார். பிரமாதம் என்றார். அந்த முதுகு எபிசோட் ரொம்பப் பிரயோஜனம், தனக்கும் இடுப்பு வலி என்றார்.

மாப்பிள்ளை, அவர் பதிப்பாளர். புத்தகத்துக்கு முதுகு உண்டு என்று தெரிந்த கொஞ்சம் பேரில் ஒருவர். முதுகில் தலைப்பை மேலிருந்து எழுதுவதா கீழிருந்து எழுதுவதா என்று என்னோடு மல்லுக்கட்டியவர். அவருக்கே அது இடுப்பு வலியாகக் காதில் விழுந்திருக்கிறது. அட்டை வைத்தியத்தைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதித் தர வேண்டுமாம், கேட்கிறவர்கள் அத்தனை பேரும் வாங்குவார்களாம். நான் தயங்கித் தயங்கி, அட்டைப்படம் என்று ஆரம்பித்தேன். அது ஒரு பிரச்சினையே இல்லை, கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் வரைந்து தருகிறேனே என்றேன்.

'ஓ, நீங்க இன்னும் வரையறீங்களா?'

எனக்கு வலித்தது. இந்த இடத்தில் கிண்டலாக எழுத முயன்றேன், வரவில்லை. உன் யோசனைப்படி என் கதையை ஊருக்கெல்லாம் கொடுத்தேன். நான் யார் என்பது மட்டும் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அதனால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: 'அட்டை நான் வரைஞ்சாத்தான் புத்தகம். அந்த நாவல் வரிசைக்கும் நான்தான் வரைவேன். இல்லேன்னா உங்க இடுப்பை நீங்களே பாத்துக்குங்க.' போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், முதலிலேயே நேரில் போய்க் கேட்க நினைத்ததை இப்போது கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை, அலமாரியும் தேவைப்படவில்லை.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். பாட்காஸ்ட் இத்தோடு செத்தது. மைக்கை அதன் பெட்டியிலேயே போட்டுக் கயிறு கட்டிவிட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போ. வீட்டுக்குள் வர வேண்டாம், வாசலில் வைத்திருக்கிறேன். அக்காவைப் பார்க்க வேண்டுமானால் அவள் லிஃப்ட் வரைக்கும் வந்து பார்த்துக்கொள்வாள். படைப்பாளி, பயணம், சமூகம் என்ற சொற்களை இனி என் காதுபட யாரும் பேசக் கூடாது. நான் ஒரு பெயின்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன். அங்கே சிவப்பு என்றால் சிவப்புதான், யாரும் அதில் மருந்து தேட மாட்டார்கள்.

நீ நீண்ட ஆயுளோடும் வற்றாத வாடிக்கையாளர்களோடும் நன்றாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து தள்ளி நன்றாக இருக்க வேண்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு, அவளுடைய பொறுமைக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக இத்தனையும் அனுபவிக்கும்
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். சம்மதித்துவிட்டார். நாவல் வரிசை முழுவதும் என் கைதான், மாப்பிள்ளை. வைத்தியப் புத்தகத்தின் அட்டையும் நானே. நாவல்களுக்கு முன்னால் வைத்தியப் புத்தகம் வந்தாக வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னார். எழுதப் போவது யார் என்றார். அட்டை என்னுடையது, உள்ளடக்கம் என் மாப்பிள்ளையின் தொழில் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனவே மேலே எழுதியதில் வாசலைப் பற்றிய வரியை முதலில் அடித்துவிடுங்கள், அப்படியே மற்ற வரிகளையும் அடித்துவிடுங்கள். உங்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம்; புத்தகம் முடிகிறவரை தாராளமாகத் தங்கலாம். எழுதுகிறவர் தானே அனுபவிக்காமல் எழுதினால் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்களாம், அதனால் வைத்தியர் தினமும் காலையில் சாடியோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அட்டைப்படத்துக்கும் நேரில் பார்த்து வரைய ஒரு முதுகு வேண்டியிருக்கிறது. உங்களுடையதுதான் நல்ல அகலம் என்று உங்கள் அக்கா சொல்கிறாள். வரும்போது சட்டை அதிகம் எடுத்து வர வேண்டாம்.