மதாம் கொலெட் வீட்டு மெஷினும் நான் போடாத கையெழுத்தும்

ரோஸ் ஹில்
21-1-1967, சனிக்கிழமை

சாந்த் குருவாவில் இருக்கும் மாமா ஆறுமுகம் அவர்களுக்கு, மருமகன் கோபாலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருந்த திட்டு உடம்புக்கு முடியாதவர் திட்டுகிற திட்டு இல்லை. மருமகன் தமிழில் எழுதுகிறானே என்று சந்தோஷப்பட வேண்டாம். என் பட்டறை முதலாளி ரொஜே உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். பிரெஞ்சில் எழுதினால் மேசை மேல் கிடக்கிற கடிதத்தைப் படித்துவிடுவார். நான் பாதியில் விட்ட பள்ளிக்கூடத்தில் கற்றதில் எனக்கு உபயோகப்பட்டது இது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன். "மெஷினைத் திறந்து பார்த்தேன், சமையல்காரி கோவிந்தம்மா வேண்டுமென்றே குப்பை போட்டுக் கெடுத்திருக்கிறாள்" என்று ரொஜே ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே என் பெயர் வந்தால் கோவிந்தம்மா அக்காவுக்கு மதாம் கொலெட் வீட்டில் பதினெட்டு வருஷத்து வேலை போய்விடும். வராவிட்டால் எனக்கு நாலு மாசத்து வேலை போய்விடும். உன் விஷயத்தில் ரொஜேவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், பேசாமல் போட்டுக்கொடு, அவரிடம் மன்னிப்பும் கேள் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொஜே உங்களிடம் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

கியூர்பிப்பில் இருக்கிற மதாம் கொலெட் வீட்டுக்கு டிசம்பரில் கப்பலில் ஒரு பாத்திரம் கழுவும் மெஷின் வந்தது. சின்ன அலமாரி மாதிரி இருக்கும், தட்டுகளை அடுக்கிக் கதவை மூடினால் உள்ளே சுடுதண்ணீர் பீய்ச்சிக் கழுவும். வாழை இலையில் சாப்பிட்டு மடித்துப் போடுகிற நமக்கு இது எதற்கு என்பீர்கள். நமக்கில்லை மாமா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆறு தட்டு மாற்றுகிறவர்களுக்கு. ரொஜே தன் கையாலேயே பொருத்தினார், பக்கத்தில் ஒருத்தரையும் விடவில்லை. புது வருஷம் பிறந்த மூணாம் நாளே மெஷின் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார். நான் போய்க் கதவைத் திறந்தேன், ஒரு குளமே வெளியே வந்தது, என்னிடம் இருக்கிற ஒரே நல்ல கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்தது. தண்ணீர் வெளியே போகிற வழி அடைத்திருக்கிறது என்று கரண்டை நிறுத்தி, தண்ணீரை மொண்டு ஊற்றி, கீழ்த்தட்டை இழுத்து, அடியில் இருக்கிற சல்லடையைக் கழற்றினால் பம்பு நிறையத் தேங்காய் நார், காக்காய் கூடு கட்டுகிற அளவுக்கு. எடுத்துப் போட்டேன், ஓடியது. பாத்திரம் கழுவுகிற பிரிஜித், நாற்பது வயசு, மூணு பிள்ளை, புருஷன் இல்லை, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள். வேலை குறைந்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து மறுபடி. இந்தத் தடவை தண்ணீர் உள்ளேயே வரவில்லை. அந்த ஊரில் மழை பெய்தால் குழாயில் வருவது தண்ணீரா சேறா என்று யாருக்கும் தெரியாது, குழாய் முனையில் இருக்கிற கம்பிவலை முழுக்க மண். கழுவிப் போட்டேன். தண்ணீர் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. பம்பில் நார். மறுபடி எடுத்தேன், மறுபடி ஓடியது, பிரிஜித் மறுபடி கண்ணைத் துடைத்தாள். அடுத்த வாரம் மூணாந்தடவை. இனிமேல் சும்மா நார் பொறுக்கிக்கொண்டிருந்தால் நான் மெக்கானிக் இல்லை, குருவி, என்று கோபம் வந்து, பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். மெஷினிலிருந்து கழிவுத்தண்ணீர் போகிற ரப்பர் குழாயை ரொஜே தரையோடு தரையாகப் போட்டு, தொட்டிக் குழாயோடு சேர்த்திருக்கிறார். பெரிய சட்டிகள் மெஷினில் கொள்ளாது, பிரிஜித் அவற்றைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தொட்டியில்தான் தேய்க்கிறாள். தொட்டி நிரம்பினால் அந்த அழுக்குத் தண்ணீர் தாழ்ந்த குழாய் வழியாகத் திரும்பி மெஷினுக்குள் போகிறது. சந்தேகம் வேண்டாம் என்று தொட்டி நிறைய மஞ்சள்தூள் கரைத்து விட்டேன், மெஷினுக்குள் மஞ்சள் வந்தது. குழாயைத் தூக்கித் தொட்டியின் அடிவயிற்றோடு கம்பி போட்டுக் கட்டிவிட்டு மறுபடி விட்டேன், ஒரு சொட்டு வரவில்லை. அந்த நேரம் பார்த்து மதாமும் ரொஜேவும் சேர்ந்து வந்தார்கள்.

"இதை இப்படி யார் போட்டது?" என்று மதாம் கேட்டார்கள்.

"உங்க பக்கத்துல நிக்கிறாரே, அவருதான் மதாம்."

வாசலுக்கு வந்ததும் ரொஜே கிரியோல் பாஷையில் சொன்னதைக் கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டு எழுதுகிறேன். "உன் மாமன் மூஞ்சிக்காக உன்னை வெச்சிருக்கேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன் எனக்குக் குழாய் போடச் சொல்லித்தரியா?"

"பள்ளிக்கூடத்தைத்தான் விட்டேன் மிஸ்யே. கண்ணை விடல."

இது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். போன வியாழக்கிழமை நாலாந்தடவை மெஷின் நின்றது, திறந்தால் நார். ரொஜேவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, பந்தயத்தில் அவர் கட்டின குதிரை முதலில் வந்த மாதிரி. குழாய்தான் மேலே இருக்கிறதே, நார் எப்படி வந்தது, சமையல்காரி போட்டிருக்கிறாள், கையெழுத்துப் போடு என்று அங்கேயே காகிதம் எழுதிவிட்டார். மூணு வாரத்துப் பழைய நார் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும், அதுதான் இறங்கியிருக்கிறது. இது தெரிய மெக்கானிக் ஆக வேண்டியதில்லை, மனுஷனாக இருந்தால் போதும்.

கோவிந்தம்மாவையே கேட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. போன திங்கட்கிழமை காவடிக்குக் காப்புக் கட்டி, ஒரு வேளை சாப்பிட்டு, வெறுந்தரையில் படுக்கிற பொம்பளையைப் பார்த்து நீயா கெடுத்தாய் என்று கேட்க எனக்கு நாக்கு வராது. கோயில் கமிட்டியில் இருக்கிறீர்களே, உங்களுக்கு வருமா? முப்பத்தெட்டில் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்புகிறேன் என்று எழுதிக்கொடுக்கச் சொன்ன காகிதத்தை மேஸ்திரி கண்ணெதிரில் கிழித்துப் போட்டேன் என்று எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறீர்கள். பந்திக்குப் பந்தி அந்தக் காகிதம் பெரிசாகிக்கொண்டே வந்தது. அப்போது உங்களுக்கு இப்போதைய என் வயசு. அது நிஜம் என்றால் என்னைத் திட்டாதீர்கள். நிஜமில்லை என்றால் அடுத்த பந்தியில் பாயசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோவிந்தம்மா அக்கா ஒரு நார்கூடப் போடவில்லை. ரொஜே குழாய் போட்டது தப்பு. மன்னிப்பும் கிடையாது. வேலை போனால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறேன்.

மாமிக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு முத்தம். காவடி அன்றைக்குக் கோயிலில் பார்ப்போம். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் ரொஜேவுக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
எதிலும் கையெழுத்துப் போடாத, இதில் மட்டும் போடுகிற,
கோபாலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கோவிந்தம்மா அக்காவும் பிரிஜித்தும் வந்தார்கள். அக்கா உட்காரக்கூட இல்லை.

"ஏன்டா, உன்னை யாருடா அதை ரிப்பேர் பண்ணச் சொன்னது? நான் போடப் போட நீ எடுத்துக்கிட்டே இருக்க. நார் உரிச்சு உரிச்சு என் நகமே போச்சு."

"அக்கா, நீங்களா போட்டீங்க?"

"இப்பதான் கேக்குற. அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். காப்புக் கட்டிட்டுப் பொய் சொல்ல முடியுமா?"

"காப்புக் கட்டிட்டு மெஷினைக் கெடுக்கலாமா?"

"கறி சாப்பிடாதேன்னாரு, பொய் சொல்லாதேன்னாரு. மெஷினைப் பத்திப் பூசாரி ஒண்ணும் சொல்லலையே."

மெஷின் ஒழுங்காக ஓடினால் மாசக் கடைசியோடு நின்றுகொள் என்று மதாம் பிரிஜித்திடம் சொல்லிவிட்டார்களாம். அவள் அழுதது சந்தோஷத்தில் இல்லை. ஆகவே மாமா, மேலே எழுதியதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டால் யாரும் கை வைக்காமலே நார் உள்ளே வந்துவிடுமா என்று அக்கா கேட்டார். பிரிஜித் வழக்கம்போலச் சட்டி தேய்த்தாலே போதும் என்றேன். திங்கட்கிழமை காலையில் குறட்டோடு போய், ரொஜே போட்ட மாதிரியே குழாயைத் தரையில் போட்டுவிட்டு வருகிறேன். அவர் போட்டதுதான் சரி, நான்தான் அவசரப்பட்டுத் தூக்கிக் கட்டிவிட்டேன், கோபாலன் மன்னிப்புக் கேட்டான் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.