கிருபானந்தன் பேரில் ஐந்து லைன்

"உங்கள் பெயரில் ஐந்து இணைய இணைப்புகள் இருக்கின்றன. ஒரே ஆள் ஐந்து வீட்டில் எப்படி இருக்கிறீர்கள், மெசியே?"

தொலைபேசியில் பெண் பொலிஸ் அதிகாரி இப்படிக் கேட்டதும் கிருபானந்தனின் தேநீர் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. அது சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பொலிசாரின் பதிவேட்டில் உள்ள பழைய குற்றவாளி ஒருவர் பாவிக்கிற இணைப்பு யாருடையது என்று கம்பனியிடம் விசாரித்திருக்கிறார்கள். கிருபானந்தன் என்று பதில் வந்திருக்கிறது. எந்த வீடு, என்ன குற்றம் என்பதெல்லாம் சொல்ல முடியாதாம். மூன்று மணிக்கு நேரில் வருவாராம்.

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கம்பனிக்காரர் லேசில் இணைப்புக் கொடுப்பதில்லை. "என்ர பேரில எடுங்கோ" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது கிருபானந்தனின் வழக்கம். அப்படியே ஒரே கட்டடத்தில் தன் வீட்டோடு சேர்த்து ஐந்தாகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் பேரைக் குடுத்தீங்கள். திங்கட்கிழமை என்ன செய்யப்போறீங்கள்?" என்றாள் மனைவி வதனி.

கிருபானந்தனின் பயமும் அதுதான். சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பெட்டி சுமந்தவருக்கு, களஞ்சிய மேற்பார்வையாளர் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திங்கட்கிழமை பாதுகாப்பு அனுமதிக்கான நேர்முகம். எந்தப் பொலிஸ் விசாரணையிலும் தனக்குச் சம்பந்தமில்லை என்று கையெழுத்தும் வைத்துக் கொடுத்தாயிற்று.

மூன்று மணிக்கு முன் ஆளைக் கண்டுபிடித்தால் தப்பலாம். இணைப்பு வாங்கிய நால்வரில் கீழ்வீட்டு அன்ரனுக்கு முதலில் அழைத்தார்.

"அன்ரன், உமக்கு முந்தி ஏதும் கேஸ் கீஸ் இருந்ததோ?"

"என்ன அண்ணை, என்னைப் பாத்தாக் கள்ளன் மாதிரியோ கிடக்கு?"

"சீச்சீ, சும்மா பொதுவாக் கேட்டன்."

"பொதுவா ஆரும் உப்பிடிக் கேப்பினமோ?"

அன்ரன் வைத்த வேகத்தில் காது அடைத்தது. பத்து நிமிடத்தில் மூன்றாம் மாடி மிதுசன் அழைத்தான்.

"அண்ணை, அன்ரன் சொன்னான், உங்களைப் பொலிஸ் தேடுதாம். எனக்கொரு லோயரைத் தெரியும். ஒளிச்சிருக்க இடம் வேணுமெண்டாப் புரோசார்ட்டில மச்சான் வீடு இருக்கு."

கிருபானந்தன் பதறிப்போய், தமிழர் வாட்ஸ்அப் குழுவில், "என்னைப் பொலிஸ் தேடவில்லை. யாரும் நம்பவேண்டாம்" என்று எழுதினார். அதுவரை தெரியாமலிருந்த நூற்றிருபது பேருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் கும்பிட்ட கை போட்டவர் தொழிற்சாலையின் போர்மன் சிவானந்தம்.

"இவரும் உந்தக் குறூப்பில இருக்கிறாரோ?" என்று கிருபானந்தன் தலையில் கை வைத்தார்.

"நீங்கள்தானே சேர்த்துவிட்டனீங்கள்?" என்றாள் வதனி.

அந்த நேரத்தில் மேல்வீட்டு மாக்கிரட் அக்கா ஒரு தட்டு றோல்ஸோடு வந்தார். மட்டக்களப்பு அம்மா, அறுபத்தைந்து வயது, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

"அக்கா, நீங்களும் என்ர லைன்தான். ஆனா உங்களிட்ட நான் கேக்கமாட்டன்" என்றார் கிருபானந்தன்.

"கேட்டாலும் கோவிக்கமாட்டன் மனே. றோல்ஸைச் சாப்பிடுங்க."

"இல்லை அக்கா. நான் முடிவெடுத்திட்டன். லைன் இல்லாட்டிக் கேஸ் எங்க? அஞ்சையும் வெட்டுறன்."

அக்காவின் முகம் மாறியது. "அவசரப்படாதங்க மனே. வெட்டினா எல்லாருக்கும் கரச்சல்."

கிருபானந்தன் கேட்கவில்லை. கம்பனிக்கு அழைத்து, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, ஐந்தையும் வெட்டுவித்தார்.

இரண்டேமுக்காலுக்குக் கதவு உடையுமாப் போலத் தட்டுப்பட்டது. வீடியோவில் வேலைக்கு நேர்முகம் கொடுத்துக்கொண்டிருந்த மிதுசன், மேலே கோட்டும் கீழே சாரமுமாக நின்றான். அன்ரன் மனைவி பிள்ளைகளோடு வந்தான். இரண்டாம் மாடித் தாட்சாயினி, "அம்மாவோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க வெட்டிப்போட்டீங்களே!" என்று அழுதாள். மாக்கிரட் அக்கா மட்டும் சோபா மூலையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

இந்தச் சந்தைக்குள்தான் அதிகாரி வந்து நின்றார்.

"மெசியே, நான் அழைத்த பிறகு ஐந்து இணைப்பையும் வெட்டியிருக்கிறீர்கள். ஏன்?"

கிருபானந்தன் வதனிக்குப் பின்னால் ஒதுங்கினார். திங்கட்கிழமை கண்முன்னே கரைந்தது.

"ஆளை மட்டும் சொல்லுங்கோ மேடம்!" என்று பாய்ந்தான் அன்ரன். "தோலை உரிக்கிறம்!"

"சொல்ல முடியாது. தோலும் உரிக்க முடியாது" என்றார் அதிகாரி. "பயப்பட ஒன்றுமில்லை. அந்த ஆள் தான் பாவிக்கிற இணைப்பைச் சட்டப்படி தாமாகவே வந்து அறிவித்தவர். உரிமையாளர் நீங்கள்தானா என்று பார்க்கவே வந்தேன். உங்கள் மேல் எந்த விசாரணையும் இல்லை. வீடோ இணைப்போ மாறினால் பதிவேட்டில் உள்ளவர் குறித்த நாளுக்குள் எங்களுக்குச் சொல்லவேண்டும். இனி அந்த ஆள்தான் புது இணைப்பு எடுத்து அறிவிக்கவேண்டியிருக்கும்."

கிருபானந்தனுக்கு உயிர் திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. அன்ரன் மிதுசனை முறைத்தான். மிதுசன் சாரத்தை இறுக்கிக்கொண்டு அன்ரனை முறைத்தான். தாட்சாயினி இருவரிடமிருந்தும் இரண்டடி தள்ளி நின்றாள்.

அதிகாரி கதவைத் திறந்தார். மாக்கிரட் அக்கா செபமாலையை முத்தமிட்டு மடித்து வைத்தார். எழுந்து அவர் பின்னால் போய், அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டிராத அழகான பிரெஞ்சில் கேட்டார்:

"போன முறை நான் வீடு மாறேக்க ஏழு நாள் தந்தீங்க மகள். லைனை வெட்டினது இந்தத் தம்பி. இதுக்கும் ஏழு நாள்தானே?"