துருக்கி மேட்டு ஓடும் அம்மாவின் மீன்சட்டியும்

ஒரு பாடத்தை இரண்டு தவணை மட்டும் படித்தவனிடமிருந்து கொஞ்சம் எட்ட நிற்பது நல்லது. ஒன்றும் படிக்காதவன் கேட்பான், முழுதும் படித்தவன் யோசிப்பான், நடுவில் நிற்பவன்தான் எல்லாருக்கும் பாடம் எடுப்பான். இரண்டாயிரங்களின் நடுவில் லண்டனில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்த நான் அந்த நடுச்சாதி. (சொந்தக்காரரிடம் அப்பா 'கம்பியூட்டர்' என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.)

எங்கள் பேராசிரியை துருக்கியின் அனத்தோலியப் பக்கம் ஒரு பழைய மேட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். மண்வீடு கட்டி, அது இடிய, அதன் மேலேயே மறுபடி கட்டிக் கட்டி, ஊரே குன்றாகிவிட்ட இடம். தோண்டுவதற்கு முன் அதன் மேல் வரிசையாக நடந்து, கிடக்கும் உடைந்த பானை ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். அந்தக் கோடைக்கு மாணவர் ஒருவருக்குத்தான் இடம். எனக்கு அது சோறு தண்ணி இறங்காத அளவுக்கு வேண்டியிருந்தது.

தேர்வு எளிது. எப்போதோ லண்டனுக்கு வந்து சேர்ந்த அந்த மேட்டு ஓடுகள் இருபத்துமூன்றைக் கழுவி, எண் எழுதி, திங்கட்கிழமை விளக்கம் சொல்ல வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடாது. வாரம் முழுக்க வாய் பார்த்துத் திரிந்த நான், வெள்ளிக்கிழமை அவற்றைப் பையில் போட்டுக் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கழுவி, பேப்பரில் பரப்பிக் காயவிட்டுப் படுத்தேன்.

காலையில் பேப்பர் மட்டும் இருந்தது.

"உடைஞ்ச சட்டியை ஆரும் வீட்டுக்குள்ள வைப்பினமோ? தரித்திரம்," என்றார் அப்பா. "கறிவேப்பிலையைப் பெரிய தொட்டிக்கு மாத்தினனான். தண்ணி வடிய அடியில போட்டிட்டன்."

லண்டனில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடக் கடினம். எங்களுக்குக் குளிர்ந்தால் இன்னொரு சுவெட்டர் போடச் சொல்லும் அப்பா, அதற்குக் குளிர்ந்தால் ஹீட்டர் போடுவார். அதை நான் வேரோடு கவிழ்த்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. (பயம்தான், வேறென்ன.)

தொட்டியடியில் முப்பத்தொரு துண்டுகள் இருந்தன. அம்மாவின் மீன்சட்டி உடைந்த எட்டுத் துண்டுகளையும் அப்பா சேர்த்துப் போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் முடித்து வந்த அம்மா, கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து, எட்டுத் துண்டுகளை விரலால் ஒதுக்கினார். "இது என்ர சட்டி."

"அம்மா, நீங்கள் ஒதுக்கின அந்த விளிம்புத் துண்டு ஏழாயிரம் வருசப் பழசு. கரியைப் பாருங்கோ. ஊரே கூடிச் சமைச்சிருக்கினம்."

"ஓம், சமைச்சதுதான். போன மாசம் நீயும் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனி."

படித்தவன் நான் அல்லவா. அந்த விளிம்பை என் பக்கம் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு விளிம்பில்லாத ஒரு மொட்டைத் துண்டை அம்மாவின் பக்கம் தள்ளினேன். அம்மா வாதாடவில்லை. "சரி, நீ படிச்சனி," என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

திங்கட்கிழமை அந்த விளிம்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அறுவடை விருந்து, அடுப்பைச் சுற்றிப் பெண்கள் என்று பத்து நிமிடம் பொழிந்து தள்ளினேன். பேராசிரியை அதை விளக்கடியில் திருப்பினார்.

"இந்தக் கோடுகள் தெரிகிறதா? இது சக்கரத்தில் வனைந்தது. அந்த மேட்டுக்காரர்கள் கையால்தான் பானை செய்தார்கள். சக்கரத்தையே அறியாதவர்கள்."

பை, தொட்டி, மீன்சட்டி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"உன் அம்மா பார்த்தவுடனே சொன்னாரா?"

"சொன்னார்."

"எட்டையும்?"

"எட்டையும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியென்றால் இடம் அவருக்குத்தான். கோடையில் வர முடியுமா என்று கேட்டுச் சொல்."

இடம் இன்னொரு மாணவிக்குப் போனது. டியூப் ரயிலில் வரும்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அன்று மாலை, பேராசிரியை கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் துண்டுகளோடு தொட்டியடிக்கே திரும்பிப் போயிருந்த மொட்டைத் துண்டை எடுக்கக் கறிவேப்பிலை இரண்டாம் முறை கவிழ்ந்தது. அப்பா ஹீட்டரைத் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார்.

இப்போது உள்ளூர்க் கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மேட்டை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. போன கலியாண வீட்டில்கூட ஒருவர், நான் என்ன படித்தேன் என்று கேட்டார். வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அவன் என்னவோ படிச்சவன். துருக்கிக்கு வரச்சொல்லிக் கேட்டது என்னை. எனக்குத்தான் லீவு கிடைக்கேல்லை."