நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டி

கழிவுக் குழாய் கழன்று வர மறுத்தது. வெர்லின் ஸ்டாஃபர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபடியே கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். அவன் திட்டப்படி குழாயைக் கழற்ற ஏழு பத்திலிருந்து நான்கு நிமிடம். இப்போது மணி எட்டரை.

"இன்னும் எவ்வளவு நேரம்?" வாசற்படியிலிருந்து கேட்டாள் மனைவி ஜோலீன்.

"நாலு நிமிஷம்."

"இதையேதான் ஏழு பத்துக்கும் சொன்னே."

ஓஹையோவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு, வாடகைக்கு எடுத்த வீட்டுவண்டியில் வந்திருந்தார்கள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும்போது ஓட்டல் எதற்கு என்று பதினோரு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டவன் வெர்லின். கேளிக்கைப் பூங்காவுக்குப் போகவும் அதே வண்டிதான், ஒவ்வொரு தடவையும் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்று இணைப்பையும் கழற்றியாக வேண்டும் என்பது மட்டும் வீட்டுவண்டிகள் தங்கும் முகாமில் வந்து இறங்கிய பிறகுதான் அவன் மண்டையில் உறைத்தது.

எல்லாம் ஐந்து வயது டாபித்தாவுக்காக. அவளுக்கு ராட்டினமும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். பூங்காவில் தினம் ஒரே ஒரு முறை, காலை பத்து மணிக்கு வரும் கார்ட்டூன் கரடி டோபினைக் கட்டிப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் கடைசி நேரத்தில் ஆலையில் லீவு கிடைக்காமல் பயணம் நின்றுபோனது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கதவடியிலேயே தூங்கிவிட்ட குழந்தையை வெர்லின்தான் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். அந்த முகம் அவனை இன்னும் விடவில்லை.

"ஏய், நாப்பத்தொண்ணு!"

அந்த முகாமில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டி நிற்கும் இடத்தின் எண்தான் பெயர். கூப்பிட்டவர் நாற்பத்திரண்டு. ஒடிசலான மனிதர், கழுத்தில் துண்டு. அவருடைய பழைய டிரக்கை வெர்லினின் வண்டி குறுக்கே மறித்துக்கொண்டு நின்றது.

"வண்டியை எடுப்பா. வேலைக்கு நேரமாச்சு."

"நாலே நிமிஷம் சார்."

"ஒரு மணி நேரமா உன் நாலு நிமிஷம் முடியலியே!"

வெர்லினுக்குச் சுர்ரென்று வந்தது. "ஒரு நாள் லேட்டாப் போனா குடியா முழுகிடும்? எனக்கு இது கொழந்தை விஷயம் சார்!"

நாற்பத்திரண்டு வாயைத் திறந்தார், டாபித்தாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

குழாய் ஒன்பதேகாலுக்குக் கழன்றது. விழுந்தடித்துக்கொண்டு பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பூங்காவில் கரடி வரும் கயிற்றருகே போய் நின்றார்கள். கரடி வரவில்லை.

"டோபினுக்கு இன்னிக்குத் தூக்கம் கலையலையாம்," என்றாள் கயிற்றைப் பிடித்திருந்த பெண், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"கரடின்னா தூங்கத்தானே செய்யும்ப்பா," என்று டாபித்தா அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாள். அவள் அழுதிருந்தாலாவது தேவலை.

அன்று மாலையே வெர்லின் திட்டத்தைத் திருத்தினான். வண்டியை நேராக நிறுத்திவிட்டான். இனி அதைத் தொடுவதில்லை, டாக்ஸியில்தான் போவது. மறுநாள் காலை அட்டையில் எழுதியிருந்தபடி, ஏழு ஐந்துக்குக் கழிவுத் தொட்டியைத் திறந்தான். குழாயின் மறுமுனையைத் தரையிலிருந்த துவாரத்தில் சொருக மறந்திருந்தான்.

நாற்பத்திரண்டு அப்போதுதான் கையில் பையோடு படியிறங்கினார். இரண்டு நாள் குடும்பக் கழிவு அவர் கணுக்காலைத் தழுவிக்கொண்டு ஓடியது. தடுமாறி விழுந்தார், பையும் அதிலேயே விழுந்தது.

"அடப்பாவி! இந்த நாத்தத்தோட எவன்யா என்னை உள்ளே விடுவான்?"

"சாரி சார், டாக்ஸி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே வெர்லின் ஓடினான்.

"டோபினுக்கு இன்னிக்கு வயித்து வலி," என்றாள் கயிற்றுப் பெண்.

ஜோலீன் திட்டவில்லை. மூன்று நாள் டிக்கெட்டில் இரண்டு நாள் போயிற்று என்றுகூடச் சொல்லவில்லை. பேசாமல் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். பதினாறு வருடக் கல்யாணத்தில் வெர்லின் அதற்குத்தான் பயப்படுவான்.

கடைசி நாள். ஐந்து மணிக்கே எல்லோரையும் எழுப்பினான். ஏசி, காப்பி மெஷின், ஜோலீனின் தலை உலர்த்தி மூன்றும் ஒன்றாக ஓட, டப்பென்று மின்சாரம் போனது. வண்டிக்கு வெளியே இருந்த அவன் மின்பெட்டியில் என்ன தட்டியும் உயிர் வரவில்லை.

"ஈரத் தலையோட வர்றேன், விடு வெர்லின்."

"அஞ்சே நிமிஷம்!"

நாற்பத்திரண்டின் மின்பெட்டியிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகினான். பக்கத்து வண்டித் திரைக்குப் பின்னால் மினுங்கிய அலாரம் கடிகாரத்தின் சிவப்பு எண்கள் அணைந்ததை அவன் கவனிக்கவில்லை. தலை உலர்ந்தது, காப்பி வந்தது, டாக்ஸியும் வந்தது. புறப்படும்போது பக்கத்து வண்டியில் திரை மூடியிருந்தது, சத்தமே இல்லை.

"அப்பாடா, இன்னிக்கு அந்த ஆள் தொல்லை இல்லை," என்றான்.

கயிற்றருகே முதல் ஆளாக நின்றார்கள். பத்தாயிற்று. பத்தரை. கூட்டம் கலைந்தது. பதினொன்று.

"அப்பா, டோபினுக்கு என்னைப் பிடிக்கலையா?"

வெர்லின் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அட்டையைக் கிழித்தான். அத்தனை பேர் நடுவில் வெட்கமில்லாமல் அழுதான். பதினோரு மாதம் யோசித்தும் பெற்ற பிள்ளைக்கு ஒரு கரடியைக் காட்டத் துப்பில்லை.

"அதோ!" என்று கத்தினாள் ஜோலீன்.

மூச்சிரைக்க ஓடி வந்தது டோபின் கரடி. ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்த தலையை நேராக்கிக்கொண்டு மண்டியிட்டது. டாபித்தா போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கரடியும் அவளை லேசில் விடவில்லை.

"ஏதாவது பேசு டோபின்!"

"அவர் பேச மாட்டார் கண்ணு," என்றாள் கயிற்றுப் பெண். வெர்லின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் திறந்தா வேலை போயிடும்."

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு படமெடுத்தான். கரடி அவனையும் கைகாட்டிக் கூப்பிட்டது. தோள்மேல் கைபோட்டு, கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்து அணைத்துக்கொண்டது. பெரிய பஞ்சு மூக்கு அவன் காதோடு உரசியது.

"ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என் பிளக்கைச் சொருகிட்டுப் போ, நாப்பத்தொண்ணு."